நாலு பிறையும் பத்து நாளும் ஒரு பாய்ப்படகும்

இல்லை, ஹபீபுன்னிசா இத்தாவை முறிக்கவில்லை. முறித்தாள் என்று சொல்கிறவர்கள் முதலில் விரல் விட்டு எண்ணிப் பார்க்கட்டும். எண்ணத் தெரியாத வாய்க்கு எதற்கு அடுத்த வீட்டுப் பேச்சு?

புருஷன் மௌத்தானால் பெண்சாதி நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டாமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. அந்த மாதம் பிறைக்குப் பிறை மாதம். இருபத்தொன்பது நாளில் முடியும், மிஞ்சினால் முப்பது. முப்பத்தொன்று என்ற நாளே அதில் கிடையாது. இது தெரியாத முஸ்லிம் உண்டா? எல்லோருக்கும் தெரியும். ஆனால் துபாயில் பத்து வருஷம் குப்பை கொட்டிவிட்டால் மாதம் என்றாலே சம்பள மாதம்தான் என்று ஆகிவிடுகிறது. விசா முடிவது இங்கிலீஷ் தேதி. வீட்டு வாடகை இங்கிலீஷ் தேதி. லீவுக்கு டிக்கெட் இங்கிலீஷ் தேதி. நோன்புக்கும் பெருநாளைக்கும் மட்டும் வானத்தைப் பார்ப்பார்கள், மற்ற நாளெல்லாம் காலண்டரைப் பார்ப்பார்கள். அப்படியே பழகிப்போய் நாயிஃப் தெருவின் அந்த நாலு மாடிக் கட்டடம் முழுவதும் தப்பாக எண்ணியது. அவள் ஒருத்தி சரியாக எண்ணினாள். ஒருத்தி சரியாகவும் ஊர் தப்பாகவும் இருந்தால் கெட்ட பேர் யாருக்கு வரும்? அவளுக்குத்தான் வந்தது.

"நாலு நாள் பொறுக்க முடியலையாம், படகு கூப்பிட்டுச்சாம்" என்றார்கள். படகு கூப்பிட்டது உண்மை. அவள் பொறுக்கவில்லை என்பதுதான் பொய்.

அந்தப் படகு கதையை முதலில் சொன்னால்தான் இது புரியும்.

கீழக்கரையில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறபோது நகையோடு ஒரு வீட்டையும் பெண் பேருக்குக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். ஹபீபுன்னிசாவுக்கும் அவள் உம்மா ஆறு அறை வீடு ஒன்றைக் கொடுத்தார். அதில் அவள் குடியிருந்தது நாலே வருஷம். எண்பத்தொன்றில் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகள் அஃப்னாவைத் தூக்கிக்கொண்டு புருஷன் மக்தூமிடம் துபாய்க்கு வந்துவிட்டாள். மக்தூம் ஜதாஃபில் ஒரு படகுப் பட்டறையில் ஸ்டோர் பார்த்தார். கயிறு, பெயிண்ட், ஆணி, பசை, எது எந்த அலமாரியில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவார்.

ஒருநாள் பட்டறை முதலாளி, அர்பாப் என்று எல்லோரும் கூப்பிடுகிற பெரியவர், தன் படகின் மெத்தை உறை கிழிந்துவிட்டதாகச் சொன்னார். மக்தூம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஹபீபுன்னிசா தையல் மிஷினில் போட்டு இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து அவளுக்கு அதுவே வேலையாகிப் போனது. படகில் உட்காருகிற பலகை நம் வீட்டுக் கட்டில்போல் சதுரமாக இராது. ஒரு முனை ஒடுங்கும், ஒரு முனை மீன் வயிறுபோல் வளையும். மக்தூம் பழுப்புத் தாளை அதன்மேல் விரித்து அளவாக வெட்டிச் சுருட்டிக்கொண்டு வருவார். அவள் அந்தத் தாளைத் தரையில் விரித்து, முழங்காலிட்டு, துணியை வெட்டுவாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு படகில்கூட அவள் கால் வைத்ததில்லை. ஆனால் துபாய்க் கரையில் நிற்கிற பாதிப் படகுகளின் உள்வயிறு அவளுக்கு மனப்பாடம்.

அப்படித்தான் தொண்ணூற்று மூன்றில் ஒரு புதுவிதமான தாள் வந்தது. இரட்டை இரட்டையாக, வலமும் இடமும் ஒன்றுபோல.

"என்ன இது, ரெண்டு படகு அளவைக் கலந்து கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரே படகுதான் ஹபீபு. ரெண்டு உடம்பு, நடுவுல மேடை, ஒரு பாய்மரம். கேட்டமரான்ம்பான் வெள்ளைக்காரன். சாயவே சாயாது. புதுசா ஒரு கம்பெனி எட்டு படகு இறக்கியிருக்கான், டூரிஸ்டை ஏத்திக்கிட்டு முஸந்தம் மலை வரைக்கும் ஓட்டுறான்."

"அவ்வளவு காசு அவனுக்கு ஏது?"

"அவன் காசு இல்ல. படகு ஆளாளுக்குச் சொந்தம். நம்ம காசுல நம்ம பேருல வாங்கி அவன் கையில விட்டுடணும். அஞ்சு வருஷம் அவன் வாடகைக்கு ஓட்டுவான். ஆளு, பழுது, நங்கூரம் போட இடம், எல்லாம் அவன் பொறுப்பு. நமக்கு மாசாமாசம் குடுப்பான். வருஷத்துல நாலு வாரம் நாமளே எடுத்துக்கலாம். அஞ்சு வருஷம் முடிஞ்சா ஒரு சொச்சமும் இல்லாம படகு நம்ம கைக்கு."

அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டாள். அந்தப் பேச்சை மக்தூம் அன்றோடு மறந்துவிட்டார், அவள் மறக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, அவர் சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து, "நம்ம வீட்டுல இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"எந்த வீட்டுல?"

"ஊர்ல இருக்கே எங்க உம்மா குடுத்த வீடு, அதுல. பல்லி இருக்கு. பல்லிக்குக் காவல் இருக்க ஒருத்திக்கு மாசம் தவறாம சம்பளம் அனுப்புறோம். பன்னெண்டு வருஷமா."

"அது அஃப்னாவுக்கு உள்ளதுல்ல?"

"அஃப்னாவுக்கு உள்ளதுங்கறதுனாலதான் சொல்றேன். அவ அங்கே போய் இருக்கப் போறதில்ல. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பதிலா அந்தப் படகை வாங்குங்க. என் பேருலயே வாங்குங்க, வீடு என் பேருல இருக்கு."

மக்தூம் மறுநாள் கம்பெனிக்குப் போய் விசாரித்தார். இரவு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். கம்பெனியில் இரண்டு விதமாகத் தருவார்களாம். படகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் இவ்வளவு என்று ஒரு விதம், ஓடியதில் பங்கு என்று இன்னொரு விதம். "ஓடாம வர்ற காசு வட்டி மாதிரி. எனக்கு ஓடுனதுல பங்கு போதும்" என்றாள். பாக்கிக்கு பேங்க் கடன் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். அதுவும் வேண்டாம் என்று நகையையும் போட்டாள். தன் படகின் ஐஸ் பெட்டியில் கம்பெனி சாராயம் வைக்கக்கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்கினாள். கம்பெனி மேனேஜர், ஒரு வெள்ளைக்காரர், தன் சர்வீஸில் இப்படி ஒரு வரியை எழுதியதே இல்லை என்று தலையைச் சொறிந்தாராம்.

ஊரில் சிரித்தார்கள். "கட்டுமரம் வாங்கவா வீட்டை வித்தா? கடற்கரைக்கு வந்தா நாங்க சும்மாவே குடுத்திருப்போமே" என்று ஒருவர் கடிதமே எழுதியிருந்தார். ஹபீபுன்னிசா அதை மக்தூமை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தானும் சிரித்துவிட்டு, அந்தத் தாளின் பின்பக்கத்தில் மெத்தை அளவு குறித்துக்கொண்டாள்.

படகை பிரான்சில் கட்டினார்கள். தொண்ணூற்று நாலு டிசம்பரில் வந்து இறங்கும். சொந்தக்காரர் டிசம்பர் பதினைந்து பகல் பன்னிரண்டுக்குள் துறைக்கு வந்து, படகை நேரில் பார்த்து, ஒப்புக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். வர முடியாவிட்டால் தன் சார்பில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் படகு காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். கட்டிய பணத்தில் கால்வாசியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். ஒப்பந்தத்தில் இதுதான் கடைசிப் பக்கம்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி மக்தூம் பட்டறையிலிருந்து வந்தார். பொழுது அடைந்ததும் மஃரிபு தொழுதுவிட்டுப் படியேறி வந்தவர், "ரபியுல் அவ்வல் பிறை தெரிஞ்சுடுச்சு ஹபீபு, நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி" என்றார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அவள் தண்ணீரோடு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது.

அவர் கடைசியாகச் சொன்னது பிறையைப் பற்றித்தான். அதனால் எந்தப் பிறையிலிருந்து எண்ண வேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மக்தூமின் தம்பி அஸ்கர் அலி முசஃபாவில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அண்ணனை அடக்கம் செய்த கையோடு அண்ணன் குடும்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார். நல்ல மனிதர். அதைச் சொல்லியே ஆக வேண்டும். வாரந்தவறாமல் வியாழக்கிழமை மாலை ஒரு பை கறியும் ஒரு பை பழமுமாக வருவார். ஆனால் நல்ல மனிதருக்கும் தான் நினைத்ததே சரி என்ற வியாதி வரும். வந்த முதல் வாரமே சுவரில் தொங்கிய காலண்டரை, கீழே மளிகை வைத்திருக்கிற கௌஸ் முகம்மது இனாமாகக் கொடுத்ததை, எடுத்துப் புரட்டினார். ஆகஸ்ட் எட்டு, செப்டம்பர் எட்டு, அக்டோபர், நவம்பர், டிசம்பர் எட்டு. அதிலிருந்து பத்து. டிசம்பர் பதினெட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார்.

"பதினெட்டோட இத்தா முடியுது மதினி. பத்தொன்பதுக்கு டிக்கெட் போட்டுர்றேன். ஊருக்குப் போயிரலாம்."

கதவுக்குப் பின்னால் இருந்து ஹபீபுன்னிசா, "படகு?" என்று கேட்டாள்.

"அதான் பதினஞ்சாந்தேதியாமே. நீங்க வெளியே வர முடியாது. எனக்கு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க, நான் போறேன்."

"போய்?"

அஸ்கர் அலி பொய் சொல்லத் தெரியாதவர். "போய் வேணாம்னு சொல்லிட்டு, வர்ற காசை வாங்கிட்டு வர்றேன். கால்வாசி போனாப் போகுது. மிச்சத்துல ஊர்ல சின்னதா ஒரு வீடு வாங்கலாம். வீடுன்னா தரையில நிக்கும் மதினி. இது கயிறு அறுந்தா ஈரானுக்குப் போயிரும். அண்ணன் இருந்தாரு, படகு தெரிஞ்ச ஆளு. இப்ப உங்களுக்கு என்ன தெரியும்?"

"வயிறு தெரியும்" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. அஃப்னா மட்டும் சிரித்துவிட்டு, சாச்சா பார்க்கிறார் என்று வாயை மூடிக்கொண்டாள். பதினேழு வயது, பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. ஊருக்குப் போனால் பாதியில் நின்றுவிடும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஹபீபுன்னிசா மதரஸாவில் ஓதியவள். குர்ஆன் வாசிப்பாள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் அவளுக்குக் கோடும் வளைவும்தான். அதே காலண்டரில் ஒவ்வொரு பெரிய எண்ணுக்கும் கீழே அரபு எண்ணில் பிறைத்தேதி பொடியாக அச்சடித்திருக்கும். கட்டடத்தில் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. அவள் அதைத்தான் பார்த்தாள், அவளால் வாசிக்க முடிந்தது அது ஒன்றுதான். அஸ்கர் அலி போட்ட சிவப்பு வட்டத்துக்குள் ரஜப் பதினாலு என்று இருந்தது. அவளுடைய கணக்கு ரஜப் பத்தோடு முடிந்துவிடும். அதாவது பதினாலாம் தேதி மஃரிபோடு. மறுநாள் காலை பதினைந்து.

ஆனால் காலண்டர் அச்சடித்தவனுக்கு வானம் கட்டுப்பட்டதில்லை. ரஜப் பிறை டிசம்பர் நாலாம் தேதி சாயங்காலம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அந்தக் கணக்கு. தெரியாவிட்டால் முந்தைய மாதத்துக்கு முப்பது நாள் ஆகும், இத்தாவும் ஒரு நாள் தள்ளும். பதினைந்தாம் தேதி மஃரிபு வரை உள்ளே. பகல் பன்னிரண்டுக்குப் படகு போய்விடும்.

இதை அவள் மகளிடம் மட்டும் சொன்னாள்.

"சாச்சாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே உம்மா?"

"கேட்டா சொல்லுவேன். கையெழுத்துக் குடுன்னுதானே கேக்குறாங்க, கணக்கு என்னன்னா கேக்குறாங்க?"

நவம்பர் நடுவில் கம்பெனி மேனேஜர் மக்தூமுடைய பட்டறைக் கூட்டாளி கார்மேகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு மேஸ்திரி. மேனேஜர் நடைவாசலில் நின்று இங்கிலீஷில் கேட்டார், அஃப்னா தமிழில் சொன்னாள். மேடம் பதினைந்தாம் தேதி வருவார்களா, இல்லை ஆள் அனுப்புவார்களா? அன்று வியாழக்கிழமை. அஸ்கர் அலியும் இருந்தார். "மேடம் நோ கம்மிங். எய்ட்டீன் பினிஷ்" என்றார் அவர்.

உள்ளேயிருந்து, "அஃப்னா, உம்மா பதினஞ்சாந்தேதி காலையில நேர்ல வர்றாங்கன்னு சொல்லு. மெத்தை அளவை இப்பவே கார்மேகம் கையில குடுத்தனுப்பச் சொல்லு. உறை தச்சுக் கொண்டாந்துருவேன்" என்று குரல் வந்தது.

அவ்வளவுதான். சமையலறையைப் பகிர்ந்துகொள்கிற பக்கத்து அறை இஃப்பத் கையிலிருந்த கரண்டியோடு நின்று கேட்டுவிட்டாள். ஆம்பூர்க்காரி, மனசு வெள்ளை, ஆனால் வாயில் தாழ்ப்பாள் கிடையாது. பொழுது சாய்வதற்குள், மக்தூம் வீட்டுப் பெண்பிள்ளை இத்தாவை முறிக்கப் போகிறாள் என்று நாலு மாடியும் ஏறி இறங்கிவிட்டது.

அஸ்கர் அலி கோபத்தில் கறிப் பையை வைக்க மறந்து திரும்பிக் கொண்டுபோய்விட்டார்.

கம்பெனியில் ஏற்கெனவே ஓடுகிற அதே மாதிரிப் படகு ஒன்றின்மேல் பழுப்புத் தாளை விரித்து வெட்டிய அளவுகளோடு கார்மேகம் மறுவாரம் வந்தார். மக்தூம் வெட்டுவதுபோல் இல்லை, ஓரம் எல்லாம் பிசிறு. கூடவே அர்பாப் சொல்லி அனுப்பிய செய்தி. புருஷன் விசா முடிந்தாலும் தையல்காரி என்று பட்டறைக் கணக்கில் அவளுக்கு விசா போட்டுத் தருகிறாராம். அவளை நம்பித்தான் பன்னிரண்டு வருஷமாக உட்காருகிறாராம். அதைக் கேட்டபோதுதான் மக்தூம் போனபிறகு முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நீலத்துணியை விரித்து வெட்ட ஆரம்பித்தாள்.

இஃப்பத் எட்டிப் பார்த்தாள். "ஆப்பா, இத்தாவுல இப்படி நீலக்கலர் எல்லாம் கூடுமா?"

"தைக்கிறதுதான் நான். உடுத்தப்போறது படகு. படகுக்கு இத்தா இல்ல."

இஃப்பத் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் குரலைத் தாழ்த்தி, "பொழைப்புக்கு வேற வழி இல்லாதவ பகல்ல போயிட்டு ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துரலாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்றாராம் ஆப்பா. அந்தச் சலுகையில போயிட்டு வந்துருங்களேன்" என்றாள்.

"எனக்குச் சலுகை வேணாம். சலுகையில போனா நாளைக்கு அஸ்கர் தம்பி, நீங்க போனதே செல்லாதும்பாரு. கணக்குல போனா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது." நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "அதுவும் இல்லாம, அவருக்கு நான் இருக்கற இத்தா இது. அதுல ஏன் ஒரு மணி நேரத்தைத் திருடணும்?"

"அப்ப கணக்கு ஒத்து வரலைன்னா?"

"பிறை தெரியலைன்னா உள்ளேதான் இருப்பேன். படகு போகட்டும்."

இஃப்பத்துக்கு அப்போதுதான் பிறை என்ற சொல் காதில் விழுந்தது. விரலை மடக்கி எண்ணினாள். எண்ணிவிட்டு, "யா அல்லா" என்று எழுந்து நின்றாள். "ஆப்பா, இதை நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா?"

"இப்ப மட்டும் என்ன உத்தரவு கேக்குறே? போன தடவை கேட்டியா?" என்றாள் ஹபீபுன்னிசா. இஃப்பத் வாயை மூடிக்கொண்டாள். எத்தனை நாளைக்கு மூடியிருந்தாள் என்பது வேறு கதை. ஆனால் இந்தத் தடவை அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. கெட்டதைச் சொன்னபோது நம்பியவர்கள் நல்லதைச் சொன்னால் சாட்சி கேட்டார்கள்.

டிசம்பர் நாலு ஞாயிற்றுக்கிழமை. அந்த அறையின் ஒரே ஜன்னல் மேற்கே பார்த்தது. ஆனால் எதிரே ஆறு மாடி ஓட்டல். வானம் என்று ஒரு முழம் தெரியும், அதுவும் தலைக்குமேல். பிறை முதல் நாளில் அடிவானத்தை ஒட்டித்தான் நிற்கும். அஃப்னா மொட்டை மாடிக்கு ஓடினாள். நாலு புறமும் கட்டடம், ஏசி டவர், தண்ணீர்த் தொட்டி. மேற்கே சாம்பல் மேகம். இருபது நிமிஷம் கழித்துக் கண் கலங்கி இறங்கி வந்தாள்.

"ஒண்ணும் தெரியல உம்மா. மேகம்."

ஹபீபுன்னிசா மெத்தை உறைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்தவில்லை. "நமக்குத் தெரியலைன்னா அல்லாவுக்குப் பிறை இல்லையா? உக்காரு" என்றாள். ஆனால் அந்த ஜிப் கோணலாகப் போனது. பிரித்து மறுபடி வைத்தாள். மறுபடியும் கோணல்.

இரவு இஷாத் தொழுகைக்குச் சற்று முன்னால் கீழே கௌஸ் முகம்மது கடைக்கு போன் வந்தது. கடைக்காரரே மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்து, "கார்மேகம் பேசுறாப்ல. லைன்ல இருக்காரு" என்றார். ஹபீபுன்னிசா கீழே போக முடியுமா? அஃப்னா ஓடினாள். அவள் திரும்பி வந்து சொன்னதுதான் இது.

படகு அன்று காலைதான் கப்பலிலிருந்து இறங்கியிருக்கிறது. கார்மேகம் அதன் பாய்மரத்தை நிறுத்துகிற வேலையில் இருந்திருக்கிறார். மஃரிபு நேரம், துறைக்கு முன்னால் கடலைத் தவிர ஒன்றும் இல்லை. மேகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி, அதற்குள் பிறை. அவர் உடனே போனுக்கு ஓடவில்லை.

"நான் பார்த்தா செல்லாதுல்ல பாப்பா? முருகனைக் கும்புடுறவன் சொன்னா ஹஜ்ரத்து ஒத்துக்கிடுவாரா? அதான், ஓடுங்கடா ஓடுங்கடான்னு வாட்ச்மேன் மஹ்மூதை இழுத்தாந்தேன். பக்கத்து லாஞ்சுல தொழுதுக்கிட்டு இருந்த அதோட கேப்டன், குஜராத்தி நாகுதாவை, அவரு சலாம் குடுத்து முடிக்கிற வரைக்கும் நின்னு, கையைப் புடிச்சு இழுத்தாந்தேன். ரெண்டு பேரும் பார்த்தாக. அப்பறம் முங்கிருச்சு. ரெண்டு பேரையும் பிக்கப்புல ஏத்திக் கொண்டுபோயி ஹஜ்ரத்துகிட்டச் சாட்சி சொல்ல வச்சுட்டுத்தான் பேசுறேன். ரஜப் பொறந்துருச்சுன்னுட்டாரு. அக்காகிட்டச் சொல்லு."

ஹபீபுன்னிசா மிஷின் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு எழுந்து உளூச் செய்துவிட்டு வந்து தொழுதாள். அந்த ஜிப்பை மறுநாள்தான் வைத்தாள்.

பத்து நாளும் அவள் ஒன்றையும் குறைக்கவில்லை. பதினாலாம் தேதி மஃரிபு பாங்கு சொல்லி முடிகிறவரை வெள்ளைச் சேலையோடு இருந்தாள். பிறகு குளித்தாள். மக்தூமுக்கு யாசீன் ஓதினாள். வெட்டுத் துணி, நூல்கண்டு, அளவு டேப், கத்தரிக்கோல், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்தாள். பதினாறு மெத்தை உறைகளை ஒரு பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டினாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே அஸ்கர் அலி வந்துவிட்டார். கையில் டைப் அடித்து முத்திரை வைத்த தாள். கடைசி நேரத்தில் மதினிக்கு வேறு வழியிருக்காது, கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்து வந்தவர், அவள் கறுப்பு புர்காவோடு கூடத்தில் நிற்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"மதினி, எங்கே?"

"படகைப் பாக்க, தம்பி."

"இத்தா இன்னும் முடியலையே! அண்ணன் கபுருல கெடக்காரு, நீங்க நாலு நாள் பொறுக்க மாட்டீங்களா? ஊர்ல என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?"

இஃப்பத் சமையலறைக் கதவோரத்தில் வந்து நின்றுகொண்டாள். கீழ்மாடியிலிருந்தும் இரண்டு பேர் படியில் ஏறி வந்து நின்றார்கள்.

ஹபீபுன்னிசா காலண்டரைக் காட்டினாள். "நீங்க போட்ட வட்டம்தானே அது? பெரிய எழுத்தை விடுங்க. இன்னைத் தேதிக்குக் கீழே பொடியா இருக்கே, அதை வாசிங்க."

அஸ்கர் அலி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "ரஜப்... பதினொண்ணு."

"அண்ணன் மௌத்தான அன்னைக்கு என்ன பிறை?"

"ரபியுல் அவ்வல் தலைப்பிறை." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. இடது கையை நீட்டி, கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். ரபியுல் அவ்வல். ரபியுல் ஆகிர். ஜமாதுல் அவ்வல். ஜமாதுல் ஆகிர். நாலு விரல் முடிந்தது. மறுபடியும் ஒருமுறை எண்ணினார். படியில் நின்றவர்களும் தங்கள் விரலை எண்ணினார்கள். அதை இஃப்பத் பார்த்தாள். பார்த்தவள் சொல்லத்தான் செய்வாள்.

"நேத்து மஃரிபோட முடிஞ்சுது தம்பி. ஹஜ்ரத்துகிட்ட வேணும்னா கேட்டுக்கிடுங்க."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் இப்புடி..."

"நீங்க எப்ப கேட்டீங்க? வாரா வாரம் கையெழுத்துத்தானே கேட்டீங்க."

அஸ்கர் அலி கையிலிருந்த தாளைப் பார்த்தார். மடித்தார். மறுபடி மடித்தார். "பத்தொம்போதுக்கு டிக்கெட் போட்டுட்டேனே மதினி" என்றார்.

"உங்களுக்கும்தானே போட்டீங்க? நீங்க போயிட்டு வாங்க. புள்ளைகளைப் பாத்து மூணு வருஷமாச்சு. அஃப்னாவுக்கு மார்ச்சுல பரீட்சை இருக்கு, எனக்கு அர்பாப் விசா போடுறாரு. எங்க டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுங்க."

"படகு தண்ணியில மிதக்குற சொத்து மதினி. நெசமாத்தான் சொல்றேன், எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு" என்றாள் ஹபீபுன்னிசா. அப்படி அவள் சொன்னது அந்த ஒரு தடவைதான். "பயந்துக்கிட்டே போய்ப் பாப்போம். மணி எட்டரை ஆகுது. பன்னெண்டுக்குள்ள கையெழுத்துப் போடணும். வண்டி கொண்டாந்திருக்கீங்கள்ல?"

"இருக்கு."

"அப்ப ஏன் சும்மா நிக்கிறீங்க? அந்த மூட்டையைத் தூக்குங்க. ஓரத்தைப் பாத்துத் தூக்குங்க, ஜிப் இருக்கு."

அஸ்கர் அலி டைப் அடித்த தாளைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு, பதினாறு மெத்தை உறை மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். படியில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். நாலு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பை அஃப்னா எடுத்து வந்து வாசலில் வைத்தாள். வார் விறைத்துப்போய்க் கால் நுழைய மறுத்தது. ஹபீபுன்னிசா குனிந்து, விரலை விட்டு அதை நெகிழ்த்தி, காலை நுழைத்துக்கொண்டு, பிஸ்மில்லாஹ் என்று வாசற்படி தாண்டினாள்.